அமைதி இயக்கம் நடத்த ராணுவ மூளை வேண்டுமா?

கேள்வி — ஜனவரி 9, மாலை

2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக உலகம் முழுக்க சுமார் 600 நகரங்களில் ஊர்வலம் போனார்கள். மார்ச் 20 அன்று குண்டு விழுந்துவிட்டது. என் வாதம் இதுதான்: போரை எதிர்ப்பவர்களுக்குப் போர் தெரியவில்லை. ஒரு தளபதி, ஒரு கட்டளை, அதற்குக் கீழ்ப்படியும் தொண்டர் படை இருந்திருந்தால் கதை வேறு. சன் ட்சு, கிளாஸ்விட்ஸ் மாதிரி போர்க்கலை எழுதியவர்களை அமைதிக்காரர்களுக்குக் கட்டாயப் பாடமாக வைத்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் சார்.

ஜனவரி 9, இரவு 11 மணி

பாதி சரி. மீதிப் பாதியில் ராணுவத்தின் தப்பான முனையைப் பிடித்திருக்கிறீர்கள்.

படை என்றதும் வாளை உருவிக்கொண்டு முன்னே ஓடுபவர்தான் கண்ணில் வருகிறார். அவருக்குப் பின்னால் அரிசி மூட்டை எண்ணுபவர், பாலம் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்துவருபவர், காயம்பட்டவரைத் தூக்க ஆள் ஒதுக்குபவர், நாளை மறுநாள் என்ன என்று வரைபடத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் என்று ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. அமைதி இயக்கம் கைமாற்று வாங்க வேண்டியது இவர்களிடம். தளபதியை மட்டும் வாங்கிவந்தால், அவரைக் கைது செய்த மறுநாள் இயக்கம் வீட்டுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 15-இல் ஆளுக்குக் குறைவில்லை. லண்டனில் போலீஸ் கணக்கே 7.5 லட்சம். ரோமில் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். குறைந்தது பிப்ரவரி 16. மறுநாள் யார் எங்கே என்ன செய்வது என்று திட்டம் இல்லை. ஒரு சனிக்கிழமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் போதும் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டது. கணக்கு பலித்தது.

அதே போரில், இரண்டு வாரம் கழித்து அங்காரா. துருக்கி மண் வழியாக ஈராக்கின் வடக்கே இறங்க 62,000 அமெரிக்கப் படையினருக்கு அனுமதி தரும் தீர்மானம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. மார்ச் 1 வாக்கெடுப்பு. அன்றைக்கே தலைநகரில் கூட்டம் கூடியது. ரோமோடு வைத்துப் பார்த்தால் சின்னக் கூட்டம். ஆதரவு 264, எதிர்ப்பு 250. தீர்மானம் தோற்றது. 4-ஆம் காலாட்படைப் பிரிவின் தளவாடங்களை ஏற்றிய அமெரிக்கக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் காத்துக் கிடந்துவிட்டு, சூயஸ் வழியாகக் குவைத்துக்குச் சுற்றிக்கொண்டு போயின. ஊர்வலம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆளுங்கட்சிக்குள்ளேயே விரிசல் இருந்தது. விரிசல் இருக்கும் இடத்தில், முடிவு இன்னும் எடுக்கப்படாத நாளில் போய் நின்றார்கள். காலமும் இடமும் அறிவது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

ஜனவரி 10

"264 பெரிதா, 250 பெரிதா அண்ணே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேலி. விட்டதை எழுதிவிடுகிறேன். 19 பேர் அவையில் இருந்துகொண்டே எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கினார்கள். மொத்தம் 533 பேர். பாதிக்கு மேல் என்றால் 267 வேண்டும். மூன்று வாக்கு போதவில்லை.

அந்த 19 பேர்தான் இந்த இழைக்கு முக்கியம். அவர்கள் எதிரணிக்குத் தாவவில்லை, மேடையேறவில்லை, முழக்கம் போடவில்லை. கையைத் தூக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். எங்களோடு வாருங்கள் என்று கேட்டால் நூற்றில் ஒருவர் வருவாரோ என்னவோ. அந்தப் பக்கம் கை தூக்காதீர்கள் என்று கேட்டால் கேட்பவர்கள் அதிகம்.

அதே 2003 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மதர்வெல்லில் இரண்டு ரயில் ஓட்டுநர்கள் வெடிமருந்துச் சரக்கு வண்டியை எடுக்க மறுத்தார்கள். இரண்டே பேர். இத்தாலியில் தளவாட ரயில்களை வழிமறித்தார்கள், லிவோர்னோ துறைமுகத்தில் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். போர் நிற்கவில்லை, உண்மை. ஆனால் போருக்குத் தேவைப்படும் கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் போனவர்கள் இவர்கள். ரோமில் நின்ற கூட்டம் யாருடைய கையையும் தொடவில்லை.

ஜனவரி 11

கிளாஸ்விட்ஸ் கேட்டீர்கள். அவருடைய 'ஈர்ப்பு மையம்' என்பதை, எந்தத் தூணைத் தட்டினால் கூரை இறங்கும் என்று வைத்துக்கொண்டால் போதும். நம் ஆட்கள் பெரும்பாலும் கூரை உச்சியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு அது கேட்பதுகூட இல்லை.

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் அமெரிக்க நிறவெறி எதிர்ப்பு, போர் எதிர்ப்பு அல்ல. ஆனால் வேலைமுறை இவ்வளவு துல்லியமாகப் பதிவான களம் வேறு அதிகம் இல்லை.

ஆல்பனி, ஜார்ஜியா, 1961–62. பேருந்து நிலையம், நூலகம், பூங்கா, உணவகம், வாக்குரிமை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சிறையை நிரப்புவோம் என்பது திட்டம். அந்த ஊர் போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் ஆழம் பார்த்துவிட்டுக் காலை விட்ட ஆள். காந்தி, மார்ட்டின் லூதர் கிங் இருவரின் வழிமுறையைப் படித்துவைத்துக்கொண்டு, கேமரா முன் ஒரு அடிகூட விழக்கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டார். சுற்றுவட்டாரத்தில் சுமார் 60 மைல் வரை உள்ள சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசிவைத்தார். முதல் டிசம்பரிலேயே 700 பேருக்கு மேல் கைது; ஊர்ச் சிறை நிரம்பவே இல்லை. சிறைக்கு இடம் தீருமுன் இயக்கத்துக்கு ஆள் தீர்ந்தது. 1962 ஜூலையில் கிங்கை உள்ளே வைத்தால் செய்தியாகும் என்பதால், யாரென்று தெரியாத ஒருவர் அபராதம் கட்ட, அவரைச் சிறையிலிருந்து வெளியே தள்ளினார்கள். சிறைக்குள் போக முடியாமல் தோற்ற தலைவர்! குறிப்பாக ஒன்றைப் பிடிக்காமல் மொத்தமாக நிறப் பிரிவினையையே எதிர்த்தது பிழை என்று கிங்கே பிறகு ஒத்துக்கொண்டார்.

பர்மிங்காம், அலபாமா, 1963. இங்கே கிங்கின் அமைப்பைச் சேர்ந்த வயட் டீ வாக்கர் என்பவர் போட்ட திட்டத்தின் பெயர் 'ப்ராஜெக்ட் சி'. எதிர்த்தரப்பில் புல் கானர் என்ற முரட்டு ஆணையர். திட்டம் அவரைக் குறிவைக்கவில்லை, கடைவீதி வியாபாரிகளைக் குறிவைத்தது. ஈஸ்டர் விற்பனை அவர்களுக்கு நம்ம ஊர் தீபாவளி மாதிரி. அந்த வாரங்களில் கறுப்பின வாடிக்கையாளர் வராவிட்டால் கல்லா நேராகச் சொல்லிவிடும். கானரும் போட்டியிட்ட மேயர் தேர்தலின் இறுதிச் சுற்று ஏப்ரல் 2. முன்பே தொடங்கினால் கானருக்கு வாக்காக மாறும் என்று பொறுத்திருந்து ஏப்ரல் 3-இல் தொடங்கினார்கள்.

வாக்கர் செய்த வேலையைக் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கடையின் உணவுப் பகுதிக்கும் போய் எத்தனை ஸ்டூல், எத்தனை மேசை, எத்தனை நாற்காலி என்று எண்ணினார். முதல் குறி அடைபட்டால் இரண்டாவது, அதுவும் போனால் மூன்றாவது என்று வரிசை வைத்தார். 16-ஆம் தெரு தேவாலயத்திலிருந்து கடைவீதிக்கு நடக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். இளையவர் நடை, நடுவயதுக்காரர் நடை, முதியவர் நடை, மூன்றுக்கும் தனித்தனியாக. வெவ்வேறு இடத்திலிருந்து புறப்படும் குழுக்கள் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது.

ஜாமீன் பணத்துக்கும் முன்கூட்டியே நியூயார்க்கில் பாடகர் ஹாரி பெலஃபான்டே மூலம் ஏற்பாடு நடந்தது. அப்படியும் ஏப்ரல் பாதியில் கையிருப்பு காலி. வேலை போய்விடும், வீட்டுக்கடன் கட்ட வேண்டும் என்ற பயம் உள்ள பெரியவர்கள் தயங்கினார்கள். மே 2-இல் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த ஜேம்ஸ் பெவல் பள்ளி மாணவர்களை இறக்கினார். அடுத்த நாள் நாயும் தீயணைப்புக் குழாயும் அவர்கள் மேல் ஏவப்பட்டன. சிறை நிரம்பிக் கண்காட்சித் திடலில் அடைத்தார்கள். பிள்ளைகளை முன்னிறுத்தியது சரியா என்று அப்போதே சண்டை இருந்தது. எனக்கும் அதில் ஒரு பதில் இல்லை.

மே 10 உடன்பாடு. புல் கானர் கடைசிவரை எதற்கும் தலையாட்டவில்லை. தலையாட்டியது கடைவீதி.

ஜனவரி 11, பின்னிரவு

தூக்கம் வராததால் ஒரு பீப்பாய்க் கதை. செர்பியாவின் ஓட்போர் என்ற எதிர்ப்பு இயக்க இளைஞர்கள் பெல்கிரேட் கடைத்தெருவில் அதிபர் மிலோசெவிச் படம் ஒட்டிய பீப்பாய் ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு மட்டையும் வைத்தார்கள். காசு போடு, ஒரு அடி போடு. வைத்தவர்கள் ஒதுங்கிப் போய்விட்டார்கள். வரிசையில் நின்று ஜனங்கள் அடித்தார்கள். போலீஸ் வந்தது. அடித்தவர்களைப் பிடிப்பதா, குழந்தையோடு வந்த அம்மாவைப் பிடிப்பதா? சும்மா விட்டால் அவமானம், பிடித்தால் அதைவிட அவமானம். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்துவிட்டு, கடைசியில் பீப்பாயைக் கைது செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பேசப்பட்டது அந்தப் படம்தான்.

ராபர்ட் ஹெல்வி என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவக் கர்னல் இவர்களுக்கு 2000 வசந்தத்தில் புடாபெஸ்ட் ஹோட்டல் ஒன்றில் பாடம் எடுத்தார். கேள்வி கேட்டவருக்கு நேரடியான பதில் வேண்டுமென்றால் இதோ: ராணுவக்காரர் ஒருவர் அமைதிவழிப் போராட்டத்துக்கு வகுப்பெடுத்தே இருக்கிறார். ஆனால் பீப்பாய் மாதிரி யோசனைகள் எந்தக் கர்னலிடமிருந்தும் வராது. ஓட்போரில் ஒற்றைத் தலைவரும் கிடையாது.

ஜனவரி 13

ஒத்திகை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதிகம் எழுதவேண்டிய இடம் இது.

ஜேம்ஸ் லாசன் கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். பிறகு நாக்பூரில் மூன்று ஆண்டு இருந்து காந்திய முறையைக் கற்றவர். திரும்பிப் போய் டென்னசியின் நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், வெள்ளையருக்கு மட்டும் உணவு தரும் கடைகளில் போய் உட்கார மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார். 1959 நவம்பர் 28, டிசம்பர் 5 இரண்டு நாளும் வேவு: கடைக்குள் போ, உட்கார், சாப்பாடு கேள், மறுத்தால் ஏன் என்று மரியாதையாகக் கேள், எழுந்து வந்துவிடு. யார் மறுக்கிறார், மேலாளரா பணியாளரா, எந்தச் சொல்லில் மறுக்கிறார் என்பதே அறுவடை. 1960 பிப்ரவரி 13-இல்தான் உண்மையான இறக்கம், 124 பேர். பிப்ரவரி 27-இல் ரவுடிகள் அடித்தபோது, அடிபட்டவர்களையே போலீஸ் கைது செய்தது, 81 பேர். முதல் வரிசையை ஏற்றிக்கொண்டு போனதும் அதே ஸ்டூல்களில் இரண்டாம் வரிசை வந்து உட்கார்ந்தது. அவர்களை ஏற்றியதும் மூன்றாவது. ரிசர்வ் என்றால் இது. 50 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். மே 10-இல் கடைகள் இறங்கிவந்தன.

ஒத்திகை நடத்தும் முறை, 20 பேர் என்று வைத்துக்கொண்டு:

பத்து நாற்காலி வரிசையாகப் போடுங்கள். பத்துப் பேர் உட்காரட்டும், பத்துப் பேர் தொல்லை கொடுக்கட்டும். நாஷ்வில்லில் சிகரெட் புகையை முகத்தில் ஊதினார்கள், தலையில் எதையாவது கொட்டினார்கள், நாற்காலியை இழுத்தார்கள். கேட்கக் கூசும் வசைகளைச் சொல்லியே பழகவேண்டும்; நாகரிகமாகத் திட்டினால் அது ஒத்திகை ஆகாது. பத்து நிமிடம். நிறுத்துங்கள். உடனே பக்கம் மாறுங்கள். இரண்டு சுற்றும் முடிந்தபிறகுதான் பேச்சு.

என்ன தப்பாகும்? முதல் தடவை எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு பயத்தின் இன்னொரு முகம், விட்டுவிடலாம். இரண்டாம் தடவை தொல்லை கொடுக்கும் தரப்பில் ஒருவருக்கு உண்மையாகவே கை நீளும். அவரைக் குறித்துக்கொள்ளுங்கள், களத்தில் முன்வரிசை அவருக்கு ஆகாது. உட்கார்ந்தவர்களில் சிலர் நடுங்கி எழுந்துவிடுவார்கள். அவர்களைக் கோழை என்று யாராவது சொன்னால், சொன்னவரை வெளியே அனுப்புங்கள். தொலைபேசி, வண்டி, மருந்து, வழக்கறிஞர் என்று பின்வரிசையில் அவர்களுக்கு நூறு வேலை இருக்கிறது.

பயிற்சியில் கடைசியாக வருவதும் களத்தில் முதலில் தேவைப்படுவதும் ஒன்றே: பக்கத்தில் ஒருவரை அடிக்கும்போது திருப்பி அடிக்காமல் நடுவில் உடம்பைக் கொடுப்பது. தலையைக் கையால் மூடுவது, முழங்காலை மடக்கி வயிற்றைக் காப்பது எல்லாம் சொல்லித் தெரியாது, தரையில் படுத்துப் பழகினால்தான் வரும்.

ஜனவரி 15

பொங்கல் வேலைக்கு நடுவே ஒரு சின்னக் குறிப்பு. பிரிட்செட் கதையைப் படித்த ஒருவர், "இது நம்ம ஊர் கல்யாண மண்டபம்தானே?" என்று எழுதியிருக்கிறார். அதேதான். காலையில் மறியல், பத்தரைக்கு வேனில் ஏற்றி மண்டபம், மதியம் சாம்பார் சாதம், மாலை ஆறு மணிக்கு விடுதலை. யாருக்கும் காயமில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, மறுநாள் பேப்பரில் ஒரு பத்தி. எதிர்த்தரப்புக்கு ஒரு பைசா செலவு வைக்காத கைது ஆயுதம் ஆகாது, அது சடங்கு. 

மண்டபத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது வேறு. 1977 மே 1-இல் அமெரிக்காவின் சீப்ரூக்கில் அணுமின் நிலைய எதிர்ப்பாளர்கள் 1,414 பேரைக் கைது செய்து, பலரை ராணுவக் கிடங்குகளில் சுமார் இரண்டு வாரம் அடைத்துவைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தார்கள். வெளியே வந்தபோது ஒரு பயிற்சி முகாம் முடித்த மாதிரி வந்தார்கள். எட்டு மணி நேர மண்டபத்தில் சீட்டாடிவிட்டு வருவதும் உண்டு.

ஜனவரி 17

தளவாடக் கணக்கு. அலுப்பான பகுதி, ஆனால் ஊர்வலங்கள் சரிவது இங்கேதான்.

2,000 பேர், நான்கு நான்காக நடக்கிறார்கள். 500 வரிசை. வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் என்றால் 750 மீட்டர் நீளம். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 50 மீட்டர். தலை போய்ச் சேர்ந்து 15 நிமிடம் கழித்துத்தான் வால் வரும். அதற்குள் மேடையில் பேச்சைத் தொடங்கினால் பின்னால் வருபவருக்கு எதுவும் கேட்காது, அவர் டீக்கடையில் நின்றுவிடுவார். ஒவ்வொரு சிக்னலிலும் வரிசை அறும். முன்னால் இருப்பவர் நடக்க, பின்னால் இருப்பவர் ஓடுவார். படை நடையில் இது பழைய தொல்லை. அறுந்த இடைவெளியில்தான் கல்லெறிபவன் நுழைவான். மருந்து எளிது: நடை மெதுவாக இருப்பவர்களை முன்னால் விடுங்கள். கொடி பிடிக்கத் துடிக்கும் இளவட்டம் வாலில் வரட்டும்.

தண்ணீர். வெயிலில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், மூன்று மணி நேரம். 3,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 150. ஒரு கேன் 21 கிலோ. முக்கால் டன் ஏற்றும் சின்ன யானை வண்டியில் 35 கேன் போகும். ஐந்து நடை. சாலையை மறித்த பிறகு வண்டி உள்ளே வராது. எனவே விடியுமுன் மூன்று இடத்தில் இறக்கிவைத்திருக்க வேண்டும். கேன் வந்து டம்ளர் வராமல் போவது காலம் காலமாக நடப்பது.

காயம்பட்டவர்கள். 1930 மே 21 தராசனா உப்பளம். சுமார் 2,500 தொண்டர்கள் வரிசை வரிசையாக நடந்து இரும்புப் பூண் போட்ட தடிகளை வாங்கினார்கள். கட்டுப்பாடு குலையவில்லை. ஆனால் வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் எண்ணியபோது 18 பேரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், 42 பேர் தூக்க ஆளில்லாமல் ரத்தத்தில் கிடக்கிறார்கள். கம்பளிகளே ஸ்ட்ரெச்சர். மருத்துவமனையில் அவர் எண்ணிய காயம் 320, சாவு 2. முன்வரிசைக்கு ஆள் சேர்க்கும்போதே, விழுபவரைத் தூக்க ஒருவருக்கு இருவர் வேண்டும் என்று சேர்த்திருக்க வேண்டும்.

உணவு விஷயத்தில் நம் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. அதே ஆண்டு ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ தந்தால் சிறை என்று அறிவித்தார். ராணுவப் பாஷையில் சப்ளை லைனை வெட்டுவது. ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். கட்டியவர் யாரென்று தெரியாத பொட்டலத்துக்கு யாரைச் சிறையில் போடுவது? ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள்.

ஜனவரி 18

தண்டி யாத்திரையில் 79 பேர் என்று ஒரு பின்னூட்டத்தில் பதில் போட்டிருந்தேன். காந்தியோடு கிளம்பியவர்கள் 78. அவரையும் சேர்த்தால்தான் 79. திருத்திக்கொள்ளுங்கள்.

அதைத் தொட்டதால் ரகசியம் பற்றி. போரில் திடீர்த் தாக்குதல் பாதி வெற்றி என்பார்கள். இங்கே அந்த விதி தலைகீழ். காந்தி 1930 மார்ச் 2-இல் வைஸ்ராய்க்கே கடிதம் எழுதி, செய்யப்போவதைச் சொல்லிவிட்டார். போகும் வழி பத்திரிகையில் வந்தது. குஜராத் வித்யாபீட மாணவர்கள் முன்னால் போய் ஒவ்வொரு கிராமத்திலும் மக்கள்தொகை, ராட்டை, மாடு என்று கணக்கெடுத்து, தங்க இடம் பார்த்துவைத்தார்கள். மார்ச் 12 தொடங்கி 24 நாள், சுமார் 240 மைல். இவ்வளவு நாள் எல்லோருக்கும் தெரிந்தே நடந்ததால்தான் செய்தி தினமும் வளர்ந்தது. உப்பா, அதற்கெல்லாம் தூக்கம் கெடாது என்று வைஸ்ராய் இர்வின் எழுதினார்.

ஒளிவுமறைவு இல்லாத இயக்கத்தில் உளவாளிக்குப் பிழைப்பு இல்லை என்பது இன்னொரு லாபம். ஒளிக்க வேண்டியவை இரண்டே: மிரட்டலுக்கு ஆளாகக்கூடியவர்களின் பெயர், பணம் இருக்கும் இடம்.

முதல் நாள் தளபதியைப் பற்றி எழுதியதற்கும் இதில் சாட்சி இருக்கிறது. மே 5-இல் காந்தி கைது. அடுத்து அப்பாஸ் தயாப்ஜி, மே 12-இல் அவரும் கைது. அடுத்து சரோஜினி நாயுடு. யாருக்குப் பின் யார் என்று முன்பே தெரியும். தராசனா நடந்தது காந்தி சிறையில் இருந்தபோது.

ஜனவரி 20

"எல்லாம் சுதந்திரம், நிறவெறி என்றே போகிறது, போரை நிறுத்திய அமைதி இயக்கம் ஒன்றாவது உண்டா?" சரியான குத்து. லைபீரியா, 2003.

அதிபர் சார்லஸ் டெய்லரின் அரசு ஒரு பக்கம், கிளர்ச்சிப் படைகள் இன்னொரு பக்கம். லேமா போவீ முதலானோர் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் சேர்த்து மன்ரோவியாவில் மீன் சந்தை அருகே உட்காரவைத்தார்கள். ஏன் அங்கே? டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலையில்தான் போகும், வரும். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி, நகை கிடையாது: யார் பணக்காரி, யார் எந்த மதம் என்று பார்த்தவுடன் தெரியக்கூடாது. கோரிக்கை மூன்றே: உடனே போர்நிறுத்தம், பேச்சுவார்த்தை, வெளியிலிருந்து அமைதிப்படை. ஆல்பனியின் நீண்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 23-இல் டெய்லர் சந்திக்க ஒப்புக்கொண்டார். கிளர்ச்சித் தலைவர்களையும் விடவில்லை. சியரா லியோனுக்குப் போய்ப் பிடித்தார்கள். ஒரு தரப்பை மட்டும் அழுத்தினால் மறுதரப்பின் ஆயுதமாகிவிடுவோம் என்ற தெளிவு இருந்தது.

ஜூன் 4-இல் கானாவின் அக்ராவில் பேச்சு தொடங்கி இழுத்துக்கொண்டே போனது. பிரதிநிதிகளுக்கு ஹோட்டல் வாசம், மன்ரோவியாவில் குண்டு. ஜூலையில் பெண்கள் கூட்ட அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒருவரையும் வெளியே விட மறுத்தார்கள். பழந்தமிழ்க் கணக்கில் இது உழிஞை, கோட்டை முற்றுகை. மதிலுக்குப் பதில் மாநாட்டு அரங்கின் கதவு. கைது செய்யக் காவலர்கள் வந்தபோது போவீ உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது பார்ப்பவருக்குச் சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை, காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவர் அப்துல்சலாமி அபூபக்கர் பெண்கள் பக்கமே பேசினார். ஆகஸ்ட் 11-இல் டெய்லர் நாட்டைவிட்டுப் போனார், 18-இல் ஒப்பந்தம்.

இலக்கு எப்படி நகர்ந்தது என்பதுதான் இதில் கலை: முதலில் சாலை, பிறகு அண்டை நாடு, பிறகு கதவு. ஒப்பந்தத்தோடு கலையவும் இல்லை. டிசம்பரில் ஐ.நா. ஆயுத ஒப்படைப்பு முகாமைத் திறந்தபோது எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்து குழப்பமாகி, சில நாளில் நிறுத்தி, 2004 ஏப்ரலில் திரும்பத் தொடங்கினார்கள். ஐ.நா.வும் கேன் கணக்கில் சறுக்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 22

பின்வாங்குவது. படையில் இதுதான் மிகக் கடினமான பயிற்சி. சௌரி சௌராவில் 1922 பிப்ரவரியில் காவல் நிலையம் எரிந்து இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் செத்தபின், நாடு முழுக்க நடந்த இயக்கத்தையே காந்தி நிறுத்தினார். ஓர் ஊருக்காகக் கோட்டை முழுவதையும் விடுவதா என்று சிறையிலிருந்த தலைவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. நாடு தழுவிய நிறுத்தத்துக்கும் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் நடுவே வேறு படிகள் முன்பே வைக்கப்படவில்லை. பர்மிங்காமில் படி சின்னது: வேடிக்கை பார்த்த கூட்டம் கல்லெறியத் தொடங்கியதும் பெவல் போலீஸிடமே ஒலிபெருக்கியை வாங்கி, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். அன்றைக்கு மட்டும் நிறுத்தம்.

முன்பே முடிவு செய்யவேண்டியவை: நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு, அவர் இல்லாவிட்டால் யாருக்கு, சத்தத்தில் அது எப்படித் தெரியும். "உட்காருங்கள்" நல்ல கட்டளை. உட்கார்ந்த கூட்டம் ஓடாது, கல்லை வைத்துக்கொண்டு நிற்பவன் தனியாகத் தெரிவான்.

ஜனவரி 22, ஒரு மணி நேரம் கழித்து

மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெரிசல் தொடங்கிவிட்ட இடத்தில் உட்காரச் சொன்னால் மிதிபட்டுச் சாவார்கள். குதிரைப்படையோ வண்டியோ வரும் சாலையிலும் அப்படியே. இடம் விசாலமாக இருந்து, பின்னால் தள்ளல் இல்லாதபோது மட்டும்.

ஜனவரி 25

3.5 விழுக்காடு பற்றி நான்கு பேர் கேட்டாகிவிட்டது. எரிகா செனோவெத், மரியா ஸ்டெஃபன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1900 முதல் 2006 வரை 323 போராட்டங்களை எண்ணினார்கள். அமைதிவழியில் 53 விழுக்காடு வென்றன, ஆயுதவழியில் 26. மக்களில் 3.5 விழுக்காடு திரண்ட இயக்கம் தோற்றதில்லை என்பது செனோவெத் அதிலிருந்து பிறகு எடுத்துச் சொன்னது. பஹ்ரைன் விதிவிலக்கு என்று அவரே திருத்தினார். இன்னொன்று, எண்ணப்பட்டவை ஆட்சி மாற்றம், அந்நிய ஆட்சி வெளியேற்றம் மாதிரியானவை. தன் நாட்டு அரசு வேறு நாட்டில் நடத்தும் போரை நிறுத்துவது அந்தக் கணக்கில் இல்லை. தலை எண்ணி முடித்துவிட்டு வெற்றி வரும் என்று காத்திருப்பவர்களுக்கு ரோம் ஞாபகம் வரட்டும்.

ஜனவரி 29

கடைசியாக, தொடர்ச்சி பற்றி. முதல் நாள் சொன்ன 'பிப்ரவரி 16' பிரச்சினைக்குச் சிலர் ஏற்கனவே விடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1969-இல் வியட்நாம் போருக்கு எதிரான அமெரிக்க மொராட்டோரியம்: அக்டோபரில் ஒரு நாள் வேலைநிறுத்தம், நவம்பரில் இரண்டு, அடுத்த மாதம் மூன்று, போர் நிற்கும்வரை மாதம் ஒரு நாள் கூடும். தாளில் அழகான ஏணி. அக்டோபர் 15-இல் நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் இறங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் போன மாதத்தைவிடப் பெரிதாக இருந்தே ஆகவேண்டும் என்பது எந்தப் படையையும் முறித்துவிடும். தாக்குதல் தன் வேகம் தீரும் புள்ளியைத் தாண்டக்கூடாது என்று கிளாஸ்விட்ஸ் எச்சரித்தது இதற்கும் பொருந்தும்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. நவம்பர் 1-க்குள் இறங்கிவராவிட்டால் கடும் தாக்குதல் என்று அமெரிக்க அதிபர் நிக்சன் வடவியட்நாம் அரசுக்கு ரகசியக் கெடு வைத்திருந்தார். கெடு கடந்தது, தாக்குதல் வரவில்லை. அந்த மிரட்டலின் பலத்தை அக்டோபர் போராட்டங்கள் கெடுத்துவிட்டன என்று நிக்சனே பின்னாளில் எழுதினார். இயக்கத்துக்கோ ஒன்றும் நடக்காத மாதிரியே இருந்தது. சோர்ந்துபோய் 1970 ஏப்ரலில் அலுவலகத்தை மூடினார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி நிக்சன் கம்போடியாவுக்குள் படை அனுப்புவதைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். மே 4-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். நாடு முழுக்கக் கல்லூரிகள் கொதித்தெழுந்தன. ஆள் இருந்தது, எங்கே போய் நிற்பது என்று சொல்ல அந்த அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஒருவரும் இல்லை.